ஆறு நாளில் செய்த சக்கரம்

நம்பிக்கை, பொறுமை என்னும் இரு சொற்களும் நம் வாயில் நாடோறும் வழங்குவன. வழங்கி வழங்கித் தேய்ந்துபோன நாணயம் போல அவற்றின் முத்திரை மங்கிவிட்டது. நம்பிக்கை என்றால், கேள்வி கேளாமல் ஒன்றை ஏற்றுக்கொள்வது என்று பலர் கருதுகின்றனர். பொறுமை என்றால், வந்த துன்பத்தை வாய்மூடித் தாங்கிக்கொண்டு சும்மா இருப்பது என்று கருதுகின்றனர். பகவான் புத்தர் அருளிய தம்மத்தில் இவ்விரண்டிற்கும் இப்பொருள் இல்லை. ஆங்கே நம்பிக்கைக்குச் 'சத்தா' என்று பெயர். சிரத்தை என்று வடமொழியாளர் கூறுவர். பொறுமைக்குக் 'கந்தி' என்று பெயர். சத்தா ஐந்து இந்திரியங்களுள் முதலாவதாக எண்ணப்படுவது. கந்தி பத்துப் பாரமிதைகளுள் ஒன்றாக எண்ணப்படுவது. முதலாவது நடக்கத் தொடங்குவதற்கு வேண்டும். இரண்டாவது நடந்துகொண்டே இருப்பதற்கு வேண்டும்.

இவ்விரண்டையும் இவ்விதழில் ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாக ஆராய்வோம். எடுத்துக்காட்டு கோயிலிலிருந்தோ விகாரையிலிருந்தோ எடுத்ததன்று. அமெரிக்க நாட்டில் ஒரு மோட்டார்ப் பட்டறையிலிருந்து எடுத்தது. உடைந்துபோன ஒரு பந்தய வண்டியை மீண்டும் கட்டியெழுப்பிய வரலாறு அது. "எண்ணெயும் புகையும் படிந்த பட்டறைக்கும் தம்மத்திற்கும் என்ன உறவு?" என்று வாசகர் வினவலாம். ததாகதரே தச்சனையும், கொல்லனையும், பொற்கொல்லனையும், யாழிசைப்போனையும் உவமையாக்கிப் போதித்தவர் என்பதை நினைவுகூர்ந்தால் இவ்வையம் நீங்கும். கையால் வேலை செய்பவனுக்கு எளிதில் விளங்கும் உண்மைகள் பல உண்டு. பொருந்தாத உறுப்பு பொருந்தாது. அதனைப் பொருந்தியதாகப் பேசிச் சாதிக்க இயலாது.

தேர்ச் சக்கரத்தின் கதை

முதலில் ஒரு பழங்கதை. அங்குத்தர நிகாயத்தில், மூன்றின் தொகுதியில், வாரணாசிக்கு அருகிலுள்ள இசிபதனத்தில் பகவான் பிக்குகளுக்குக் கூறியதாக அது அமைந்துள்ளது.

முன்னொரு காலத்தில் பசேதனன் என்றொரு மன்னன் இருந்தான். ஆறு திங்களில் போர் வரவிருப்பதை அறிந்த அவன், தன் தேர்த்தச்சனை அழைத்து, அதற்குள் ஒரு சோடி சக்கரம் செய்து தரல் இயலுமா என்று கேட்டான். தச்சன் இயலும் என்று ஒப்புக்கொண்டான். ஆறு திங்களுக்கு ஆறு நாள் குறைவாக இருந்தபோது மன்னன் வந்து பார்த்தான். ஒரு சக்கரமே முடிந்திருந்தது. எஞ்சிய ஆறு நாளில் மற்றொன்றையும் செய்து முடித்துத் தச்சன் இரண்டையும் மன்னன் முன் வைத்தான்.

மன்னன் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றின. வேற்றுமை என்ன என்று கேட்டான். தச்சன் வாயால் விடை கூறவில்லை; சக்கரங்களை உருட்டிக் காட்டினான். ஆறு நாளில் செய்த சக்கரம், தள்ளிய விசை உள்ளளவும் ஓடியது. பின் தள்ளாடிச் சுழன்று மண்ணில் வீழ்ந்தது. ஆறு திங்கள் உழைத்துச் செய்த சக்கரமும் விசை உள்ளளவும் ஓடியது. ஆனால் விசை தீர்ந்த இடத்தில், அச்சில் கோத்தது போல வீழாமல் நின்றது. வீழ்ந்த சக்கரத்தின் வட்டையிலும், ஆரக்கால்களிலும், குடத்திலும் கோணலும் குற்றமும் இருந்தன. நின்ற சக்கரத்தில் அவை இல்லை. அந்தத் தச்சன் வேறு யாரும் அல்லன், அப்பிறவியில் தாமே என்று கூறிய பகவான், அன்று மரத்தின் கோணலை நீக்குவதில் வல்லவராயிருந்த தாம், இன்று உடல், வாக்கு, மனம் ஆகியவற்றின் கோணலை நீக்குவதில் வல்லவராயிருப்பதாக விளக்கினார்.

இக்கதையில் உற்றுநோக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. விசை இருக்கும் வரையில் இரண்டு சக்கரங்களும் ஓடின. ஓட்டத்தை மட்டும் பார்த்தவனுக்கு வேற்றுமை தெரியாது. உந்துதல் தீர்ந்த பின்னரே எது நிற்கும், எது வீழும் என்பது விளங்கிற்று. மனித வாழ்விலும் அவ்வாறே. உற்சாகம் இருக்கும் வரையில் எல்லாரும் சீலவான்களே. உற்சாகம் தீர்ந்த இடத்தில் நிற்பதற்குப் பெயரே பொறுமை.

பந்தயமும் விபத்தும்

இனி நம் காலத்து எடுத்துக்காட்டுக்கு வருவோம். அமெரிக்காவில் 'டிராக் பந்தயம்' என்றொரு வகைப் பந்தயம் உண்டு. வளைந்த பாதையில் பல சுற்று ஓடுவதன்று இது. நேரான பாதையில், நின்ற நிலையிலிருந்து, இரண்டு வண்டிகள் ஒரே நேரத்தில் புறப்பட்டுக் கால் மைல் தொலைவை, அதாவது 1,320 அடியை, யார் முந்திக் கடப்பது என்பதே போட்டி. சில விநாடிகளில் எல்லாம் முடிந்துவிடும். அச்சில விநாடிக்காகப் பட்டறையில் உழைக்கும் நாட்களோ பல.

இப்பந்தயத்தில் பெரும்புகழ் பெற்றவர் புளோரிடா மாநிலத்துத் தம்பா நகரில் 1932ஆம் ஆண்டு பிறந்த டான் கார்லிட்ஸ். தம் வண்டிகளைத் தாமே கட்டிக்கொள்பவர். அவ்வண்டிகளுக்கு 'ஸ்வாம்ப் ராட்', அதாவது சதுப்பு நிலத்து எலி, என்று பெயரிட்டு, ஒன்று இரண்டு என வரிசை எண் கொடுத்துவந்தார். 1964ஆம் ஆண்டிலேயே கால் மைல் பாதையில் மணிக்கு 200 மைல் வேகத்தைக் கடந்து பெயர் பெற்றார்.

அக்காலத்து வண்டிகளின் அமைப்பை அறிந்துகொண்டால்தான் பின்வருவது விளங்கும். எஞ்சின் முன்னே இருந்தது. ஓட்டுபவர் வண்டியின் கடைக்கோடியில், பின்சக்கர அச்சுக்கும் பின்னால் அமர்ந்தார். கவணில் வைத்த கல்லைப் போல அவர் அமர்ந்திருந்தமையின், அவ்வண்டிக்குக் கவண் என்னும் பொருளுடைய பெயரே வழங்கியது. எஞ்சின், கிளட்ச், கியர்ப்பெட்டி ஆகிய வெடிக்கக்கூடிய உறுப்புக்கள் யாவும் ஓட்டுபவரின் காலடியிலும் முகத்தின் எதிரிலும் இருந்தன. எரிபொருளும் சாதாரணப் பெட்ரோல் அன்று. நைட்ரோமீதேன் என்னும் கடுமையான திரவம். ஆயினும் வண்டிகள் வென்றுகொண்டிருந்தன. ஆகவே அமைப்பை மாற்றும் எண்ணம் பலருக்கு எழவில்லை.

1970ஆம் ஆண்டு மார்ச்சு 8ஆம் நாள், கலிபோர்னியாவில் லாங் பீச் நகரத்தருகே இருந்த லயன்ஸ் பந்தயத் திடலில், கார்லிட்ஸ் தம் பதின்மூன்றாம் வண்டியில் அமர்ந்து புறப்பட்டார். புறப்பட்ட மாத்திரத்தில் கியர்ப்பெட்டி வெடித்தது. வண்டி இரண்டு துண்டாயிற்று. அவருடைய வலப் பாதத்தின் ஒரு பகுதி போயிற்று. பறந்த இரும்புத் துண்டுகளால் பார்வையாளர் ஒருவரும் படுகாயமுற்றார்.

மேனாட்டில் பதின்மூன்று என்னும் எண்ணை அபசகுனமாகக் கருதி அஞ்சுவோர் பலர். வண்டியின் எண்ணும் பதின்மூன்று. விதியையோ, எண்ணையோ, நாளையோ பழித்துவிட்டு அத்துடன் விட்டுவிட வாய்ப்பு இருந்தது. நாளும் கோளும் பார்த்து நல்வாய்ப்பை இழந்தவர்களின் கதையை நட்சத்திர ஜாதகத்தில் நாம் படித்திருக்கிறோம். அல்லது, அதே வண்டியை அப்படியே செப்பனிட்டுக்கொண்டு, "இனி நடக்காது" என்று தம்மைத் தாமே தேற்றிக்கொள்ளவும் வாய்ப்பு இருந்தது. அவர் இவ்விரண்டையும் செய்யவில்லை. மருத்துவமனைப் படுக்கையிலேயே, எஞ்சினை ஓட்டுபவருக்குப் பின்னால் வைத்தால் என்ன என்று சிந்தித்து, புதிய வண்டியின் அமைப்பை வகுக்கத் தொடங்கினார்.

துன்பம் உண்டு, துன்பத்திற்குக் காரணம் உண்டு, காரணத்தை நீக்கினால் துன்பம் நீங்கும், நீக்குவதற்கு வழி உண்டு. நான்கு வாய்மைகளின் இவ்வரிசையை அவர் பௌத்த நூலில் கற்றார் என்று நாம் கூறவில்லை. உண்மையை உள்ளவாறு நோக்கும் எவரும் அவ்வழியிலேயே நடப்பர் என்பதுதான் நாம் அறிய வேண்டுவது.

சத்தா: துணிந்து கடத்தல்

மிலிந்த பஞ்ஹா என்னும் நூலில் மிலிந்த மன்னன் நாகசேன தேரரிடம் சத்தாவின் இலக்கணம் யாது என்று வினவுகின்றான். தேரர் இரண்டு இலக்கணம் கூறுகின்றார்: தெளிவித்தல் ஒன்று, துணிந்து பாய்தல் மற்றொன்று.

முதலாவதற்கு அவர் காட்டும் உவமை இது. சக்கரவர்த்தி ஒருவன் படையோடு ஒரு சிற்றாற்றைக் கடக்கின்றான். யானையும் குதிரையும் தேரும் காலாளும் மிதித்துத் தண்ணீர் கலங்கிச் சேறாகின்றது. நீரைத் தெளிவிக்கும் மணி ஒன்றை ஏவலர் அதில் இட, சேறு அடியில் படிகின்றது. தெளிந்த நீரை மன்னன் பருகுகின்றான். சத்தா அம்மணியைப் போன்றது. அஃது அச்சம், ஐயம், வெகுளி என்னும் சேற்றைப் படியச் செய்யும். சேறு படிந்த பின்னரே அடியில் கிடப்பது கண்ணுக்குத் தெரியும். காலை இழந்து கிடப்பவன் உள்ளத்தில் எழும் கலக்கம் எத்தகையது என்பதை எண்ணிப்பாருங்கள். அக்கலக்கத்தோடு வண்டியின் படம் வரைய இயலாது. கோடு நேராக விழ வேண்டுமாயின் முதலில் உள்ளம் நேராக வேண்டும்.

இரண்டாவதற்கு உவமை: மழை பெய்து ஆற்றில் வெள்ளம் பெருகியிருக்கின்றது. ஆழமும் அகலமும் அறியாது மக்கள் கூட்டம் கரையில் தயங்கி நிற்கின்றது. ஒருவன் வருகின்றான். தன் வலிமையை அறிந்தவன் அவன். ஆடையை இறுக்கிக் கட்டிக்கொண்டு பாய்ந்து அக்கரை சேர்கின்றான். அதைக் கண்ட மற்றவர்களும் கடக்கின்றனர்.

தேரர் கூறிய 'தன் வலிமையை அறிந்தவன்' என்னும் அடைமொழியை விட்டுவிடலாகாது. அறியாமல் பாய்ந்தால் அது சத்தா அன்று, மூர்க்கம். எஞ்சினைப் பின்னால் வைத்த வண்டிகளை முன்னரே சிலர் கட்டிப் பார்த்திருந்தனர். அவை நேராக ஓடவில்லை. ஓட்டுவதற்கு அபாயமானவை என்று பெயர் பெற்றிருந்தன. ஆகவே கரையில் நின்ற கூட்டம் தயங்கியதில் வியப்பில்லை. பல ஆண்டு இயந்திரங்களோடு பழகிய அறிவே கார்லிட்ஸைப் பாயச் செய்தது.

நம் தமிழ்ப் பௌத்தப் பெருங்காப்பியத்தின் தலைவி மணிமேகலையும் அவ்வாறே செய்தாள். வஞ்சி மாநகரில் பற்பல சமயக் கணக்கரிடம் அவரவர் கொள்கையைக் கேட்டறிந்த பின்னரே, காஞ்சியில் அறவண அடிகளிடம் தருமம் கேட்டுத் தவம் பூண்டாள். ஆராய்ந்து பற்றிய நம்பிக்கையே புயலில் நிற்கும். சத்தாவும் பஞ்ஞாவும், அதாவது நம்பிக்கையும் அறிவும், துலாக்கோலின் இரு தட்டுக்களைப் போலச் சமமாக நிற்க வேண்டும் என்று விசுத்திமக்கம் அறிவுறுத்துவதும் இதனாலேயே. அறிவு குன்றிய நம்பிக்கை தகாததை நம்பும். நம்பிக்கை குன்றிய அறிவு வஞ்சகமாகும்.

கந்தி: காரணம் தெரியும் வரை காத்திருத்தல்

புதிய வண்டி கட்டப்பட்டது. பதினான்காம் எண் அதற்கு. கானி ஸ்விங்கிள், டி. சி. லெமன்ஸ் என்னும் தோழர்கள் கார்லிட்ஸுடன் உழைத்தனர். கதையாக இருந்தால் முதல் ஓட்டத்திலேயே வண்டி வெற்றி பெற்றிருக்கும். நடந்தது அதுவன்று. சோதனை ஓட்டங்களில் வண்டி நேர்க்கோட்டில் நில்லாமல் இப்புறமும் அப்புறமும் அலைந்தது. பின்னால் எஞ்சின் வைத்தால் ஓடாது என்று முன்னரே சொன்னவர்களின் கூற்று மெய்யாவது போலத் தோன்றிற்று.

சத்தாவைப் பொறுமை தாங்கிப்பிடிக்க வேண்டிய இடம் இதுவே. அமைப்பே தவறு என்று கைவிடுவதா? அமைப்புச் சரி என்று பிடிவாதமாகக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவதா? முன்னது சோர்வு, பின்னது மயக்கம். இரண்டிற்கும் நடுவே ஒரு வழி உண்டு: ஒவ்வொன்றாக மாற்றுவது, ஓட்டிப் பார்ப்பது, நோக்குவது, மீண்டும் மாற்றுவது.

முடிவில் குற்றம் ஸ்டியரிங்கில் இருப்பது தெரிந்தது. ஓட்டுபவர் கைச்சக்கரத்தைச் சிறிதே திருப்பினாலும் முன்சக்கரங்கள் மிகுதியாகத் திரும்பின. சற்று விலகிய வண்டியை நேராக்க முயன்ற கையே அதனை மறுபுறம் தள்ளிற்று. கை திரும்பும் அளவுக்கு முன்சக்கரம் குறைவாகத் திரும்புமாறு பற்சக்கர விகிதத்தை மாற்றியமைத்தனர். வண்டி நேராக ஓடிற்று.

அன்பர்களே, இச்செய்தியைத் தம்மப் பயிற்சியோடு வைத்து எண்ணிப்பாருங்கள். வண்டியை அலையச் செய்தது திருத்தம் இன்மையன்று, மிதமிஞ்சிய திருத்தம். நம்முள் பலர் தியானத்தில் அமர்ந்து மனம் சற்று விலகியவுடன் அதனோடு மல்லுக்கு நிற்கின்றோம். மனம் மறுபுறம் ஓடுகின்றது. மகன் ஒரு நாள் பாடம் படியாவிட்டால் இடியென முழங்குகின்றோம். அவன் வீட்டைவிட்டே விலகுகின்றான். சோண தேரரின் வரலாறும் இதையே கூறுகின்றது. உலாவித் தியானித்துப் பாதங்களில் குருதி கசிய உழைத்தும் பயன் காணாமையால், மனை திரும்பலாமா என்று அவர் எண்ணினார். யாழ் வல்லவராயிருந்த அவரிடம், நரம்பு மிக இறுகினாலும் மிகத் தளர்ந்தாலும் இசை பிறக்குமா என்று பகவான் கேட்டருளினார். வீரியம் வேண்டும், ஆனால் அளவறிந்த வீரியம் வேண்டும். சிறிது திருப்புவதற்கும் நீண்ட பொறுமை வேண்டும்.

பொறுமைக்குரிய மற்றோர் உவமை சம்யுத்த நிகாயத்தில் உண்டு. தச்சன் தன் வாய்ச்சியின் கைப்பிடியைப் பார்க்கின்றான். விரல்களின் தடமும் பெருவிரலின் தடமும் அதில் பதிந்து தேய்ந்திருக்கின்றன. இன்று இவ்வளவு தேய்ந்தது, நேற்று இவ்வளவு தேய்ந்தது என்று அவன் சொல்ல மாட்டான். ஆனால் தேய்ந்திருக்கின்றது என்பதை ஐயமின்றி அறிவான். நம் ஆசவங்கள், அதாவது மனமாசுகள், தேய்வதும் அவ்வாறே. ஒவ்வொரு மாலையும் கணக்குப் பார்த்து, இன்று எவ்வளவு கோபம் குறைந்தது என்று அளக்க முற்படுபவன் விரைவில் சோர்வான். வாய்ச்சியைக் கீழே வையாதவனுக்குத் தேய்வு தானே வரும்.

தனியொருவனாக அவர் இதனைச் செய்து முடிக்கவில்லை என்பதும் குறிக்கத்தக்கது. நன்னெறியில் பாதி நல்லோர் நட்பு என்று ஆனந்தர் கூறியபோது, பாதியன்று, முழுவதும் அதுவே என்று பகவான் திருத்தியருளினார். உடைந்ததை மீளக் கட்டும் காலத்தில் இவ்வுண்மை மிகத் தெளிவாகத் தெரியும். ஒருவர் கை ஓய்ந்தால் மற்றொருவர் கை பிடிக்க வேண்டும்.

1971ஆம் ஆண்டின் தொடக்கத்தில், விபத்து நேர்ந்து ஓராண்டு நிரம்புமுன்னரே, அப்பதினான்காம் வண்டி கலிபோர்னியாவின் போமோனா திடலில் நடந்த பெரும் பந்தயத்தில் வென்றது. கரையில் நின்ற கூட்டம் கண்டது, பின்தொடர்ந்தது. சில ஆண்டுகளுக்குள் அவ்வகுப்பு வண்டிகளில் எஞ்சின் முன்னிருக்கும் பழைய அமைப்பு வழக்கொழிந்தது. காலடியிலும் முகத்தின் எதிரிலும் இருந்த அபாயம் முதுகுக்குப் பின்னால் போயிற்று. அவருக்குப் பின் வந்த ஓட்டுநர்கள், தாம் அறியாமலே, ஒருவர் இழந்த பாதத்தின் பயனை அனுபவிக்கின்றனர்.

பழைய வண்டியா, புதிய வண்டியா?

இங்கே நாகசேனரின் மற்றொரு புகழ்பெற்ற உரையாடல் நினைவுக்கு வருகின்றது. தேரில் வந்ததாகக் கூறிய மன்னனிடம், ஏர்க்கால் தேரா, அச்சு தேரா, சக்கரம் தேரா என்று ஒவ்வோர் உறுப்பாகக் காட்டி அவர் வினவினார். எதுவும் தேர் அன்று, உறுப்புக்கள் கூடியவிடத்துத் தேர் என்னும் பெயர் வழங்குகின்றது, அவ்வளவே. அவ்வாறே ஐந்து கந்தங்கள் கூடியவிடத்து மனிதன் என்னும் பெயர் வழங்குகின்றது.

இன்று இப்பந்தயத்தின் உச்ச வகுப்பில் உள்ள வண்டிகளின் எஞ்சினை ஒவ்வோர் ஓட்டத்திற்குப் பின்னும் முற்றிலும் பிரித்துவிடுகின்றனர். பிஸ்டன், பேரிங், கிளட்ச் வட்டு முதலியவற்றைச் சோதித்து, வேண்டியவற்றை மாற்றி, அடுத்த ஓட்டத்திற்குள் மீண்டும் பூட்டிவிடுகின்றனர். சில விநாடி ஓட்டம். பின் முழுப் பிரிப்பு. காலையில் ஓடிய வண்டியும் மாலையில் ஓடும் வண்டியும் ஒன்றா, வேறா? ஒன்று என்றும் கூற இயலாது. முற்றிலும் வேறு என்றும் கூற இயலாது. பெயர் நிற்கின்றது; உறுப்பு மாறுகின்றது.

இவ்வுண்மையை உணர்ந்தவனுக்கு, மீண்டும் கட்டுதல் துயரமாகத் தோன்றாது. "நான் உடைந்துவிட்டேன், பழைய நான் எங்கே?" என்று புலம்புபவன், என்றுமே ஒன்றாக நின்றிராத ஒன்றைத் தேடுகின்றான். நோயால் தளர்ந்தவரும், தொழிலை இழந்தவரும், குடும்பத்தில் பிளவு கண்டவரும் பழைய வண்டியை அப்படியே மீட்க முயன்றால், வெடித்த கியர்ப்பெட்டியையும் பழைய இடத்திலேயே மீட்டு வைப்பர். அநித்தியம் என்பது அழிவை மட்டும் குறிப்பதன்று. திருந்தி அமைவதற்கு இடமளிப்பதும் அதுவே.

ஓர் ஐயமும் விடையும்

"வேகத்திற்காக உயிரைப் பணயம் வைக்கும் விளையாட்டைப் போற்றுவது தகுமா?" என்று ஒருவர் கேட்பாராயின், அக்கேள்வி நியாயமே. வேக வேட்கையும் வேட்கையே. வெற்றிப் பற்றும் பற்றே. படுகாயமுற்ற அப்பார்வையாளரை மறந்துவிட்டு நாம் வீரம் பேசலாகாது. உழைப்பு எவ்வளவு பெரிதாயினும், அதன் நோக்கம் செம்மையாக இருந்தாலன்றி அது நல்லூக்கம் ஆகாது. ஆகவே பந்தயத்தை நாம் போற்றவில்லை. பட்டறையில் கண்ட பண்புகளையே எடுத்துக்கொள்கின்றோம். சேற்றில் முளைத்ததாயினும் தாமரையைப் பறித்துக்கொள்வதில் இழுக்கில்லை.

அவ்விளையாட்டும் துன்பத்தின் வழியாகவே கட்டுப்பாடு கற்றது. 2008ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஸ்காட் கலிட்டா என்னும் ஓட்டுநர் விபத்தில் உயிர் துறந்த பின்னர், எரிபொருள் வண்டிகளின் உச்ச வகுப்புக்களுக்குப் பந்தயத் தொலைவை 1,320 அடியிலிருந்து 1,000 அடியாகக் குறைத்தனர். வேகமே குறிக்கோளாகக் கொண்டவர்களும், நிற்பதற்கு இடம் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. ஓடுவதற்கு ஆற்றலை நாடுவோர் பலர். நிற்பதற்கு ஆற்றலை நாடுவோர் சிலர்.

நமக்கு உரியது

இப்பாடம் நம் சங்கத்தாருக்கு மிக அணுக்கமானது. தமிழகத்தில் ஒரு காலத்தில் தழைத்திருந்த பௌத்தம் சிதைந்து மறைந்தது. அதனை மீளக் கட்ட முற்பட்டவர்களுள் முதன்மையானவர் பண்டிதர் அயோத்திதாசர். 1898ஆம் ஆண்டில் அவர் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பிச் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். பேராசிரியர் லட்சுமி நரசு 1907இல் பௌத்தத்தின் சாரத்தை எடுத்துரைக்கும் தம் ஆங்கில நூலை வெளியிட்டார். 1948இல் அந்நூல் மீண்டும் பதிப்பிக்கப்பட்டபோது அதற்கு முன்னுரை எழுதியவர் டாக்டர் அம்பேத்கர்.

அம்பேத்கர் அவர்களின் வாழ்க்கையே ஆறு திங்கள் செய்த சக்கரத்திற்குச் சான்று. தாம் இந்துவாக இறக்கப்போவதில்லை என்று 1935ஆம் ஆண்டு இயோலாவில் அறிவித்தார். நாகபுரியில் மக்கள் இலட்சக்கணக்கில் சூழத் தம்மம் தழுவியதோ 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள். இடையே இருபத்தோராண்டு. அத்தனை ஆண்டும் அவர் சும்மா இருந்தாரல்லர். பல சமயங்களையும் ஆராய்ந்தார். வட்டையையும் ஆரக்காலையும் குடத்தையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். உடனே முடிவு செய்யுமாறு நெருக்கியவர்களுக்காக அவர் ஆறு நாளில் ஒரு சக்கரம் செய்துகொடுத்திருக்கலாம். அது அவர் தள்ளிய விசை உள்ளளவும் ஓடியிருக்கும். அவர் மறைந்த பின்னரும் நிற்கும் சக்கரத்தையே அவர் செய்ய விரும்பினார். தம்மம் தழுவிய எட்டாம் வாரத்தில், டிசம்பர் 6ஆம் நாள், அவர் மறைந்தார். சக்கரம் வீழவில்லை.

ஆகவே, வாழ்வில் ஏதேனும் ஒன்று உடைந்து கிடக்கும்போது நாம் செய்யத்தக்கவை இவை. முதலாவது, நாளையும் கோளையும் பிறரையும் பழியாது, உடைந்ததற்குக் காரணத்தை அமைதியாக ஆராய்தல். இரண்டாவது, காரணத்தை அறிந்த பின் அதே குற்றத்தை அதே இடத்தில் வைத்து மீண்டும் கட்டாதிருத்தல். மூன்றாவது, தன் வலிமையை அறிந்து துணிதல். துணிந்த பின் கரையை நோக்கித் திரும்பாதிருத்தல். நான்காவது, முதல் முயற்சி அலைந்தால், கைவிடாமலும் பிடிவாதம் கொள்ளாமலும், ஒன்றை மட்டும் சிறிதளவு மாற்றிப் பார்த்தல். ஐந்தாவது, நல்ல தோழரை உடன் வைத்துக்கொள்ளுதல்.

வாராந்தக் கூட்டங்களில் இப்பாடத்தைப் படிப்போர் பின்வரும் வினாக்களைத் தமக்குள் ஆராய்வாராக:

1. நான் நம்பிக்கை என்று கொண்டிருப்பதில், நானே ஆராய்ந்து தெளிந்தது எவ்வளவு? பிறர் சொல்லக் கேட்டு வைத்துக்கொண்டது எவ்வளவு?

2. பொறுமை என்று நான் கூறிக்கொள்வதில் சோம்பல் கலந்துள்ளதா? என் வாய்ச்சி கையில் இருக்கின்றதா, மூலையில் கிடக்கின்றதா?

3. என் இல்லத்தில் அளவுக்கு மிஞ்சிய திருத்தத்தால் நான் கெடுத்தது எது?

4. பிறர் தள்ளிய விசையால் மட்டும் என்னுள் ஓடிக்கொண்டிருப்பது எது? அவ்விசை நாளை நின்றால் அது நிற்குமா, வீழுமா?

நான்காம் வினாவுக்கு அவசரப்பட்டு விடை கூற வேண்டா. தச்சன் மன்னனுக்குச் செய்தது போல, உருட்டிப் பார்த்தே அறிய வேண்டிய விடை அது.

அனைத்துயிரும் நலம் பெறுக. நமோ புத்தாய.